திருவளரும் திருநிறையும்

கல்யாணக் கார்டு அடிக்க வருகிறவர்களிடம் ஆவுடைத்தாய் முதலில் கேட்பது பெண்ணின் பெயரையோ மாப்பிள்ளையின் பெயரையோ அல்ல. "இதுக்கு அப்புறமும் உங்க வீட்டுல கல்யாணம் இருக்கா?" என்றுதான் கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். இவளுக்கு எதற்கு நம் வீட்டுக் கதை என்று முகத்தைச் சுளிக்கிறவர்களும் உண்டு. அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். இன்னும் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால் 'திருவளர்ச்செல்வன்' என்று தட்டுவாள். இதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறைச்செல்வன்'. அவ்வளவுதான் விஷயம்.

இலஞ்சியில், குற்றாலம் போகிற ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருக்கிறது எபனேசர் அண்ணாச்சியின் அச்சகம். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினாறு வருஷமாக அவள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயசு. இலஞ்சிக் குளத்துக்குக் கீழே இரண்டு வயல் நெல் போட்டுக்கொண்டிருந்த வல்லிநாயகத்தின் மகள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வயல் குத்தகைக்குப் போயிற்று, ஆவுடை அச்சகத்துக்குப் போனாள், தம்பி மணிமுத்து காலேஜுக்குப் போனான். அம்மா மாடத்தி மட்டும் எங்கும் போகாமல் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினோரு பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு உயரம் போதவில்லை, ஒருவருக்கு ஜாதகம் சேரவில்லை, ஒருவர் ஒன்றும் சொல்லாமலே போனார். பன்னிரண்டாவது ஆள் வருகிற அன்று ஆவுடை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு இருபத்தெட்டு. அன்றிலிருந்து அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். காலையில் தென்னந்தோப்பு வழியாக ஸ்கூட்டரில் வருவதும், வெள்ளிக்கிழமை குமாரர் கோயிலில் ஒரு சுற்று சுற்றுவதும், சம்பளத்தில் தனக்குப் பிடித்த கலரில் சேலை எடுப்பதும் அவளுக்குப் போதுமாக இருந்தது. இதைச் சொன்னால் ஊரில் ஒருத்தர்கூட நம்ப மாட்டார்கள், பெற்ற தாய் உட்பட.

பிள்ளைகள் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாசம். பள்ளிக்கூடம் நாலரைக்கு விடும். ஐந்தருவிப் பக்கம் போகிற டவுன் பஸ் ஐந்தே காலுக்குத்தான். பஸ் ஸ்டாப்புக்குக் கூரை உண்டு என்றாலும் சாரல் மேலேயிருந்து வருவதில்லை, பக்கவாட்டில்தான் வரும். புத்தகப்பை நனையாமல் இருக்க நாலு பிள்ளைகள் அச்சகத்துக்குள் ஒதுங்கின. நிவேதா, ஜெஸ்வின், ஷாரோன், கடற்கரை. சும்மா நின்றால் பரவாயில்லை, கடற்கரை மாடல் கார்டு ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தான். "இங்கன வாங்க எல்லாரும்" என்று அதட்டிய ஆவுடை, அவர்கள் கையில் ஒரு புரூஃப் தாளைக் கொடுத்து, தப்புக் கண்டுபிடித்தால் ஒரு தப்புக்கு ஒரு தேன் மிட்டாய் என்று சொல்லி உட்காரவைத்தாள். சாரல் நின்றது, பிள்ளைகள் வருவது நிற்கவில்லை.

ஒருநாள் நிவேதா தன் கட்டுரை நோட்டை நீட்டி, "அக்கா, இதுலயும் தப்பு பாத்துத் தாங்க" என்றாள். ஆறாம் வகுப்பு. தலைப்பு: எங்கள் ஊர். 'குற்றாலம் ஒரு நல்ல ஊர். அங்கே நல்ல அருவிகள் உள்ளன. நல்ல காற்று வீசும். நல்ல பழங்கள் கிடைக்கும். நல்ல குரங்குகளும் உண்டு.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் பதினோரு 'நல்ல'.

"குரங்குல நல்ல குரங்கு எதுட்டி?" என்று ஆவுடை சிரித்தாள்.

"எங்கப்பா கடைல பழம் எடுக்காத குரங்கு" என்றான் ஜெஸ்வின். ஐந்தருவியில் அவன் அப்பா ரம்புட்டானும் மாங்குஸ்தானும் விற்கிறார்.

கட்டிங் மெஷின் அடியில் கல்யாணக் கார்டின் ஓரத் துண்டுகள் கிடந்தன, ஜரிகை ஓரமும் சந்தன வாசனையுமாக. ஆவுடை அவற்றைப் பொறுக்கி, துண்டுக்கு ஒன்றாக எழுதினாள். இனிய, தூய, சிறந்த, சுவையான, குளிர்ந்த, அரிய. "ஒவ்வொரு 'நல்ல'யையும் எடுத்துட்டு இதுல ஒண்ண வச்சுப் பாரு. உக்காருதா, இடிக்கான்னு பாரு. இடிச்சா ஏன் இடிக்குன்னு எனக்குச் சொல்லு." காற்றில் 'தூய' போய் உட்கார்ந்தது. பழத்தில் 'சுவையான' உட்கார்ந்தது. 'தூய பழம்' லேசாக இடித்தது, சுவையான காற்று ரொம்ப இடித்தது. குரங்குக்கு மட்டும் ஒன்றும் சேரவில்லை. நிவேதா பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'குறும்புக்காரக் குரங்குகள்' என்று தானே எழுதினாள். துண்டில் இல்லாத வார்த்தை. ஆவுடைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அதை ஒரு தேன் மிட்டாயோடு மறைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அது ஒரு வகுப்பாக ஆயிற்று. பலகை கிடையாது, கட்டணம் கிடையாது, ஐந்தே காலுக்குப் பஸ் ஹாரன் அடித்தால் வகுப்பு முடிந்தது. பள்ளியில் கைடைப் பார்த்து மழை, தூறல், சாரல் எல்லாம் ஒரே பொருள் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஆவுடை ஒத்துக்கொள்ள மாட்டாள். "ஜெஸ்வின், சாரல் அடிச்சா உங்கப்பா என்ன செய்வாங்க?" "ஒண்ணும் செய்ய மாட்டாங்க. கூட்டம் வரும்னு சந்தோசப்படுவாங்க." "மழை பேஞ்சா?" "தார்ப்பாய இழுத்து மூடுவாங்க." "அப்ப ரெண்டும் ஒண்ணாலே?" இல்லை என்று நாலு தலையும் ஆடும். 'ஒண்ணு போல இருக்கும், ஒண்ணு இல்ல' என்பது அவள் அடிக்கடி சொல்கிற வாசகம். பிள்ளைகள் அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

இடையில் மானம் போனதும் உண்டு. ஜெஸ்வின் காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதம் எழுதினான். 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்கு மாற்று வார்த்தை தேடியிருக்கிறான். அச்சகத்தில் தினமும் பார்ப்பது கல்யாணக் கார்டு. 'இப்படிக்கு, தங்கள் நல்வரவை நாடும் ஜெஸ்வின்' என்று முடித்துவிட்டான். தமிழாசிரியர் வகுப்பில் அதை வாசிக்க, பையன் இரண்டு நாள் அச்சகத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஆவுடை ரோட்டைக் கடந்து போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "வார்த்தைல தப்பு இல்லலே. அது உக்காரவேண்டிய இடம் வேற. வரும், பொறு."

கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கடைக்கு யார் வந்தாலும் ஒரு வார்த்தையைச் சொல்லி, வாக்கியம் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று வழியை மறிப்பார்கள். விசிட்டிங் கார்டு வாங்க வந்த ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு 'ஓடு' என்பதற்கு ஏழு வாக்கியம் சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்துவிட்டுப் போனார். எபனேசர் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் இந்த ஆடி மாசம் ஒரு கல் வந்து தட்டியது. மணிமுத்துவுக்குப் பண்பொழியில் பெண் அமைந்தது. பெயர் ஸ்ரீதேவி. அவனுக்கும் முப்பத்துநாலு ஆகிவிட்டது. அக்காவுக்கு முடியட்டும், அக்காவுக்கு முடியட்டும் என்று காத்திருந்தவனை, "நான் வராத பஸ்ஸுக்கு நீ எதுக்குலே ஸ்டாப்புல நிக்க?" என்று ஆவுடைதான் பிடித்துத் தள்ளிவிட்டாள். ஆவணியில் முகூர்த்தம். எண்ணூறு கார்டு. அடிக்கப்போவது அவளே.

அன்றைக்கு எபனேசர் அண்ணாச்சி பழக்கதோஷத்தில், "ஆவுடை, இதுக்கு அப்புறம் வீட்டுல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "கேளுங்க அண்ணாச்சி, நான் எத்தன பேர்ட்ட கேட்டிருக்கேன்" என்று ஆவுடை சிரித்தாள். சிரித்துக்கொண்டே 'திருநிறைச்செல்வன் மணிமுத்து' என்று தட்டினாள். தட்டி முடித்ததும் மனசு லேசாக இருந்தது.

சாயந்திரம் புரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாடத்தி உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். மற்ற வரிகளை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் இந்த இரண்டு வார்த்தையும் எந்தக் கார்டில் இருந்தாலும் அவள் கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடும். பத்து வருஷமாக ஊரார் கார்டில் அவள் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

"என்னட்டி இது, திருநிறைன்னு போட்டிருக்க?"

"ஆமா. அதுதானம்மா சரி."

"எதுட்டி சரி? மூத்தவ நீ இருக்கும்போது இது கடைசிக் கல்யாணமா? எண்ணூறு வீட்டுலயும் என்ன பேசுவாங்க? மாடத்தி பொம்பளப்பிள்ளைய உக்கார வச்சுட்டு, அவ்வளவுதான்னு கைய விட்டுட்டாம்பாங்க."

"நீ கைய விடணும்னுதாம்மா போட்டேன்."

"வாய மூடு. திருமலைக் குமாரன் மலைக்கு மாசாமாசம் நான் எதுக்கு ஏறுதேன்? திருவளர்னு போடு."

உள்ளேயிருந்து வந்த மணிமுத்து சமாதானம் செய்யப் பார்த்தான். "ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுதீங்க? எல்லாம் ஒண்ணுதானே. ஏதாவது ஒண்ணப் போட்டுட்டுப் போங்க."

"ஒண்ணு இல்ல" என்று தாயும் மகளும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாடத்தி அன்று இரவும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. ஆவுடைக்குக் கோபம் வந்தது. கோபம் அம்மாமேல் இல்லை, அந்த வார்த்தைமேல். 'திருவளர்' என்று அடித்தால் அது எண்ணூறு வீட்டுக்கும் போய், இந்த வீட்டில் இன்னும் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லும். அவள் காத்துக்கொண்டிருக்கவில்லை. பத்து வருஷமாக அவள் வாழ்ந்துகொண்டிருக்கிறாள், அதை ஒரே ஒரு கார்டிலாவது உள்ளபடி அச்சடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆனால் அறுபத்தைந்து வயசு அம்மா பட்டினி கிடக்கும்போது எந்த ஆசையும் நிற்காது. மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்து 'நிறை'யை எடுத்துவிட்டு 'வளர்' என்று போட்டு, புதிதாக ஒரு புரூஃப் எடுத்தாள்.

நாலரைக்குப் பிள்ளைகள் வந்தபோது மேஜைமேல் இரண்டு தாளும் கிடந்தன. தப்புக் கண்டுபிடிக்கப் பழகிய கண்கள் அல்லவா, நிவேதா உடனே பிடித்துவிட்டாள். "அக்கா, இதுல திருவளர், அதுல திருநிறை. எது சரி?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் ஆவுடை.

நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாயிலிருந்து அந்த வாசகம் வந்ததே இல்லை. "கார்டு அட்டை பத்தாது, தென்காசி போயிட்டு வாரேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டோம் என்பது மேலகரம் தாண்டுகிறவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அட்டைக் கட்டோடு அவள் திரும்பியபோது சாரல் பிடித்துவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஷட்டர் ஓரமாக ஒதுங்கியவளுக்கு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அண்ணாச்சியிடம் சொல்லி வார்த்தையை மாற்றவைத்துவிடலாம் என்று மகளுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். வந்தவளைப் பிள்ளைகள் வழிமறித்திருக்கின்றன.

"வாக்கியமா? எனக்கு என்னட்டி தெரியும், விடுங்க" என்றாள் மாடத்தி.

"நிறைன்னு வரணும் ஆச்சி. அக்கா ஒழுங்கா சொல்ல மாட்டேங்காங்க. நீங்களாவது சொல்லுங்க" என்றாள் நிவேதா.

மாடத்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "குளம் நிறைஞ்சிருக்கு. போதுமா?"

"இன்னொண்ணு."

"நிறைமாசப் பசு."

"இன்னும் ஒண்ணு ஆச்சி!"

"நிறைகுடம். நிறைநாழி." இப்போது அவளுக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது.

"நிறைநாழின்னா என்னது?" என்று ஜெஸ்வின் கேட்டான்.

"உனக்குத் தெரியாதுலே. நாழி நிறைய நெல்லு அளந்து, கல்யாண வீட்டுல குத்துவிளக்குப் பக்கத்துல வைப்போம். எல்லாத்துக்கும் மொதல்ல அதுதான். விளிம்புக்கு ஒரு பிடி கொறஞ்சாலும் வைக்க மாட்டோம்."

நிவேதா எழுதிக்கொண்டே வந்தாள். "எங்க ஸ்கூல்ல நிறைவு விழான்னா எல்லாம் முடியுத அன்னைக்கு நடக்கும். அப்ப நிறைன்னா முடிஞ்சுபோச்சுன்னு எழுதட்டா ஆச்சி?"

"யாருட்டி உனக்குச் சொன்னா?" மாடத்தியின் குரல் உயர்ந்தது. "குளம் நிறைஞ்சா முடிஞ்சா போச்சு? வத்துனாத்தான் முடிஞ்சது. நிறைஞ்சதுன்னா இனிமே ஊத்த இடம் இல்லன்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணா எழுதாத, அழி."

சொல்லிவிட்டு நோட்டுப் பக்கம் குனிந்தாள். நிவேதா ரப்பரால் அழித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸ்வின் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். "அப்ப அக்கா ஏன் ஆச்சி 'நிறை'ய எடுத்துட்டு 'வளர்'னு போட்டாங்க? மாத்துனதுலேருந்து மூஞ்சே சரியில்ல."

மாடத்தி தாள்களை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை.

இதற்குமேல் வெளியே நிற்பது சரியில்லை என்று ஆவுடை அட்டைக் கட்டோடு உள்ளே வந்தாள். தலையெல்லாம் பொடிப்பொடியாகச் சாரல்.

"ஏன் மாத்துன?" என்றாள் மாடத்தி.

"நீ சாப்பிடலல்லா."

"நான் சாப்பிடாட்டா மாத்திருவியா?" தாய் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம், பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணால் பார்க்காமல் தன் கண்ணால் பார்த்தாள். "நெசமாச் சொல்லு ஆவுடை. உனக்கு ஒரு கொறையும் இல்லயா?"

"இருந்தா உங்கிட்ட சொல்லாம யார்ட்டம்மா சொல்லப்போறேன்?"

மாடத்திக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அந்த முந்தானையாலேயே மகளின் தலையையும் துவட்டிவிட்டாள். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று ஆவுடைக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் விலகவில்லை. "அண்ணாச்சி, அந்தப் பழைய தாளையே போடுங்க. நிறைன்னே இருக்கட்டும்" என்றாள் மாடத்தி.

எபனேசர் அண்ணாச்சி தாளை வாங்கிக் கடைசியாக ஒரு தடவை ஓட்டினார். "ஆச்சி, கீழ மழலை வரி காலியா இருக்கு. எடுத்துரட்டா?"

கார்டின் அடியில் 'எங்க மாமா கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க' என்று வீட்டுச் சின்னப்பிள்ளைகள் பெயரைப் போடுகிற வரி அது. மணிமுத்துவை மாமா என்று கூப்பிட அந்த வீட்டில் பிள்ளை கிடையாது. அந்தக் காலியிடத்தை ஆவுடை வேண்டுமென்றேதான் பார்க்காமல் விட்டிருந்தாள்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றாள் மாடத்தி. "இங்கன நாலு பேரு நிக்காங்கல்லா. பேரக் கேட்டு எழுதுங்க."

அவ்வளவுதான், கடை இரண்டுபட்டது. எல்லாக் கார்டிலும் வருகிற வரி தங்களுக்கு வேண்டாம் என்று நிவேதா சொன்னாள். 'வருக' போடலாமா 'வாருங்கள்' போடலாமா என்று ஷாரோனும் கடற்கரையும் அடித்துக்கொண்டார்கள். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. கடைசியில், அந்தச் சண்டையில் சேராமல் நின்ற ஜெஸ்வின் மெதுவாக, "அக்கா, இப்பமாவது அந்த நல்வரவ நாடலாமா?" என்றான்.

"இங்கதாம்லே அது உக்காரும்" என்றாள் ஆவுடை.

அப்புறம் நாலு பேரையும் அண்ணாச்சிதான் தன் பழைய காரில் ஏற்றி வீடுவீடாக இறக்கிவிட்டார்.

ஆடி கழிந்ததும் தாயும் மகளும் தாம்பாளத்தில் கார்டை அடுக்கிக்கொண்டு அழைக்கப் புறப்பட்டார்கள். முதல் வீடு மாடத்தியின் சித்தப்பா மகன் நல்லகண்ணுவின் வீடு. எந்தக் கார்டையும் வரிவரியாக நோண்டாமல் விடாத மனுஷர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 'திருநிறை'யில் கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்து ஆவுடையைப் பார்த்தார், மாடத்தியைப் பார்த்தார், கேட்கவந்ததை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினார். கடைசி வரியில் மறுபடியும் நின்றார்.

"'தங்கள் நல்வரவை நாடும் நிவேதா, ஜெஸ்வின், ஷாரோன், கடற்கரை.' உங்க வீட்டுல ஏதுக்கா இத்தன பிள்ளைக? இதெல்லாம் யாரு?"

ஆவுடை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாடத்தி குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டியபடி, அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"எல்லாம் ஆவுடை பிள்ளைக."